பட்டம் தவறும் காலம்: காலநிலைத் தகவமைப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

2021 ஜனவரி, பொங்கல் வாரம். காவிரி டெல்டாவில் சம்பா கதிர் முற்றி, அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லி வைத்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பனி கொட்ட வேண்டிய மாதத்தில் நாள்கணக்கில் பெய்தது. பெரியப்பா வயலில் நெல் பாய் விரித்த மாதிரி சாய்ந்து கிடந்தது. தண்ணீரில் கிடந்த ஒரு கதிரை எடுத்துக் காட்டினார். மணி ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளையாக முளை, ஊசிமுனை போல. மிஞ்சியதை அறுத்துக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனோம். ஈரம் பார்க்கும் கருவி 21 காட்டியது. 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்கக் கூடாது என்பது பொது விதி. "காய வச்சு எடுத்துட்டு வாங்கய்யா" என்றார் அங்கிருந்தவர். காய வைக்க வெயில் வேண்டுமே! தார்ச் சாலை ஓரத்தில் நெல்லைக் கொட்டி, தூறல் விழும்போது தார்ப்பாய் போட்டு மூடி, வெளிச்சம் வந்தால் விலக்கி, நான்கு நாள் அங்கேயே காவல் கிடந்தோம்.

பெரியப்பா அந்த ஆண்டு எந்தத் தவறும் செய்யவில்லை. நல்ல விதை, நேரத்துக்கு நடவு, களை எடுத்து, உரம் வைத்து எல்லாம் முறையாகத்தான் நடந்தது. அவர் நம்பிய காலண்டர்தான் அவரைக் கைவிட்டது. காலநிலை மாற்றம் என்று சொல்லும்போது பலருக்கு உருகும் பனிப்பாறை நினைவுக்கு வருகிறது. எனக்கு அந்த முளைவிட்ட கதிர்தான் நினைவுக்கு வரும்.

இப்படிப்பட்ட ஆண்டுகளைத் தாங்கி, அடுத்த போகத்துக்கு எழுந்து நிற்பதற்கான ஏற்பாடுகளுக்குத்தான் காலநிலைத் தகவமைப்பு என்று பெயர். உழவர், மீனவர், காட்டை நம்பி வாழ்பவர் என்று இயற்கையோடு நேருக்கு நேர் நிற்கும் மக்களுக்கு அது எப்படி இருக்கும், எங்கே சரியாக நடக்கிறது, எங்கே சறுக்குகிறது என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

வானிலையும் காலநிலையும்

இன்றைக்கு மழை வருமா என்பது வானிலை. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது காலநிலை. பட்டம் என்றால் விதைப்புக்கு ஏற்ற பருவம். பல தலைமுறை மழையைப் பார்த்து, சராசரி எடுத்து, ஒரே வரியில் சுருக்கி வைத்த அறிவு அது. அறிவியலாளர்களும் கிட்டத்தட்ட அதையேதான் செய்கிறார்கள். குறைந்தது 30 ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு ஓர் ஊரின் காலநிலை இது என்கிறார்கள். அந்தச் சராசரியே நகரும்போதுதான் சிக்கல். பழமொழி பொய்யாகவில்லை, அது எந்த வானத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டதோ அந்த வானம் மாறிவிட்டது.

ஏன் மாறியது? நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரித்ததில் சேர்ந்த வாயுக்கள் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கின்றன. 1850 முதல் 1900 வரையிலான காலத்தோடு ஒப்பிட்டால் 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் பூமியின் சராசரி வெப்பம் சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருக்கிறது. ஒரு டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் அது சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைச் சுமக்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. இரண்டு மழைக்கு நடுவில் அதே சூடு மண்ணின் ஈரத்தை வேகமாக உறிஞ்சிவிடுகிறது. மொத்த மழையளவு பெரிதாக மாறாமலேயே ஓர் ஊர் வெள்ளத்திலும் வறட்சியிலும் மாறி மாறித் தவிக்க முடியும். கூடுதலாகச் சேர்ந்த வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள் போகிறது. மீனுக்கு அதுவே தலைவலி.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அதாவது சுமார் 48 சதவீதம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்றே மாதத்தில் வடகிழக்குப் பருவமழையாகக் கிடைக்கிறது. பாதி ஆண்டு வருமானம் ஒரே சம்பள நாளில் வருகிற வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் தவறினால் என்ன ஆகும் என்று 2016 காட்டியது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுக்க வறட்சி அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய 2015-இல்தான் சென்னை மூழ்கியது. 2017-இல் ஒக்கி, 2018-இல் கஜா. இவற்றில் எது எவ்வளவு தூரம் காலநிலை மாற்றத்தால் வந்தது என்று தனித்தனியாகச் சொல்ல நிறைய ஆய்வு வேண்டும். ஒவ்வொரு புயலையும் அதன் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஆனால் நான்கு ஆண்டு தொடர்ந்து அடி வாங்கிய ஒரு குடும்பம் ஐந்தாம் ஆண்டு எந்த நிலையில் இருக்கும் என்பதைப் புரிந்துகொள்ள ஆய்வு தேவையில்லை.

அடி, அடி விழும் இடம், தாங்கும் சக்தி

காலநிலை பற்றிய பேச்சில் இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். தணிப்பு, தகவமைப்பு. அடுப்பில் விறகைக் குறைப்பது தணிப்பு. ஏற்கெனவே கொதிக்கிற பானையைக் கை சுடாமல் இறக்குவது தகவமைப்பு. இரண்டும் வேண்டும். விறகைக் குறைக்காமல் பிடிதுணியை மட்டும் தடிமனாக்கிக்கொண்டே போக முடியாது. ஆனால் ராமநாதபுரத்து மானாவாரி விவசாயியோ பழவேற்காட்டு மீனவரோ அந்த அடுப்பில் போட்ட விறகு மிகச் சொற்பம். சூடு மட்டும் அவர்கள் கையில். அதனால்தான் தகவமைப்புக்கு உதவுவதை நான் தருமமாகப் பார்ப்பதில்லை. அது கொடுக்க வேண்டிய கடன்.

அடுத்து, இடர் என்பதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். அடி எவ்வளவு பெரிது, அது விழும் இடத்தில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தாங்கும் சக்தி எவ்வளவு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னை மரங்கள் சாய்ந்தன. காற்று எல்லோருக்கும் ஒரே காற்றுதான். தென்னையோடு மாடும் ஊடுபயிரும் வைத்திருந்தவர் எப்படியோ ஓட்டிவிட்டார். தென்னை மட்டுமே வைத்திருந்தவருக்கு, மறுபடி வைத்த கன்று காய்ப்புக்கு வர ஐந்தாண்டுக்கு மேல் ஆகும். மரம் ஏறுபவர், காய் உரிப்பவர், கீற்று முடையும் பெண் ஆகியோருக்கு ஒரு மரம்கூடச் சொந்தமில்லை. நிவாரணத்துக்கு மரத்தை எண்ணும்போது அவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். ஆனால் பிழைப்பு போனது அவர்களுக்கும்தான்.

அடியை நாம் குறைக்க முடியாது, குறைந்தபட்சம் உடனே முடியாது. மற்ற இரண்டையும் மாற்றலாம். தகவமைப்பு வேலை முழுக்க அங்கேதான் நடக்கிறது.

வயலில்

விதையிலிருந்து தொடங்கலாம். எல்லோரும் அங்கேதான் தொடங்குவார்கள். பல பேர் அங்கேயே நின்றும்விடுவார்கள்.

நம் நெல்லின் பெயர்களைக் கேட்டாலே அவை எதற்காக வளர்க்கப்பட்டவை என்று தெரியும். பள்ளத்து வயலில் தேங்கும் தண்ணீரோடு போட்டி போட்டு வளர்வது மடுமுழுங்கி. உவர் நிலத்துக்குக் களர்பாலை, குழியடிச்சான். ஆளை மறைக்கும் உயரத்துக்கு வளர்ந்து வெள்ளத்தைச் சமாளிப்பது காட்டுயானம். திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் 150-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்து, நெல் திருவிழா நடத்தி உழவர்களிடம் திருப்பிக் கொடுத்தார். 2018 டிசம்பரில் அவர் இறந்தபோது பலரும் அவரை ஏதோ பழமையின் காவலர் போல எழுதினார்கள். எனக்கு அவர் வரப்போகும் காலத்துக்காக வேலை செய்தவராகத்தான் தெரிகிறார்.

ஆராய்ச்சி நிலையத்து விதையைப் பார்த்தாலும் இதே கதைதான். சி.ஆர். 1009 சப் 1 என்ற ரகம் டெல்டாவில் பலருக்குத் தெரியும். சாதாரண நெற்பயிர் தண்ணீரில் மூழ்கினால் பதறிப்போய் மேலே எட்டிப் பார்க்க நீளும். அந்த ஓட்டத்தில் தண்டில் சேர்த்து வைத்த சர்க்கரை முழுவதும் தீர்ந்து, தண்ணீர் வடியும்போது செத்துப்போகும். சப் 1 மரபணு உள்ள பயிர் அப்படி ஓடாது. மூச்சை அடக்கிக்கொண்டு சும்மா இருக்கும். தண்ணீர் வடிந்ததும் மிச்சம் வைத்த சக்தியில் துளிர்க்கும். இப்படி ஏறத்தாழ இரண்டு வாரம் வரை தாங்கும். இந்த மரபணு எங்கிருந்து கிடைத்தது? ஒடிசா உழவர்கள் காலங்காலமாகப் பயிரிட்ட ஒரு பழைய நெல்லிலிருந்து. பாரம்பரிய விதையா, நவீன விதையா என்று நம் ஊரில் நடக்கும் சண்டை எனக்கு வருத்தமாக இருப்பது இதனால்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சப் 1 நெல்லைப் பெரியப்பா 2021-இல் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. இளம்பயிராக மூழ்கும்போது காப்பாற்றும் குணம் அது. முற்றிய கதிர் சாய்வதற்கு அதில் மருந்து இல்லை. ஒரு விதை ஓர் ஆபத்துக்குத்தான் பதில் சொல்லும். அவருக்கு அப்போது தேவைப்பட்டது வேறு. பக்கத்தில் ஒரு நெல் உலர்த்தும் இயந்திரம், கூரை போட்ட களம், அப்புறம் அந்த 17 என்ற எண்ணில் கொஞ்சம் தளர்வு. 2023 பிப்ரவரியில் டெல்டாவில் மறுபடியும் அறுவடை நேரத்தில் மழை பெய்தபோது ஈரப்பத வரம்பை 20 சதவீதம் வரை தளர்த்தி மத்திய அரசு ஆணையிட்டது. மழைக்குப் பிறகு கோரிக்கை வைத்து, குழு வந்து பார்த்து, அப்புறம் வரும் தளர்வு அது. பருவம் தவறிய மழை பெய்தால் வரம்பு தானாகவே தளரும் என்று முன்கூட்டியே விதியில் எழுதி வைத்தால் அதுவும் தகவமைப்புதான். புகைப்படத்துக்கு நன்றாக இருக்காது, திறப்பு விழா நடத்த முடியாது. ஆனால் தார்ச் சாலையில் கிடக்கும் நெல்லை அது காப்பாற்றும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். மழை கொட்டித் தீர்க்கும், அப்புறம் மாதக்கணக்கில் இருக்காது என்றால், கொட்டும்போது பிடித்து வைப்பதுதான் வழி. இதை நம் முன்னோர் ஏரி, கண்மாய், ஊருணி என்று ஊர் ஊராகக் கட்டி வைத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 40 ஆயிரம் ஏரிகளும் கண்மாய்களும் உண்டு. ஒரு கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியே வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். சங்கிலி மாதிரி. மடையைத் திறந்து யார் வயலுக்கு எவ்வளவு என்று பார்த்துப் பாய்ச்ச நீர்க்கட்டி என்று ஓர் ஆள் இருப்பார்; அவருக்கு ஊர் நெல் அளக்கும். இன்றைக்குக் கண்மாய் இருக்கிறது, அதற்கு வரும் வரத்துக்கால் இல்லை. வீட்டுமனையாகவோ சாலையாகவோ மாறியிருக்கும், அல்லது சீமைக் கருவேலம் மூடியிருக்கும். தூர்வாருவதற்குப் பணம் ஒதுக்குவார்கள். கண்மாயின் நடுவில் மண் எடுப்பார்கள். வரத்துக்காலைத் தொட மாட்டார்கள். குழி ஆழமாகும், தண்ணீர் வராது. மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளை பல ஆண்டுகளாகச் செய்துவருவது இந்த வேலையின் இன்னொரு பாதியை. பாசன விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்து, கண்மாயைத் தங்கள் பொறுப்பில் பார்த்துக்கொள்ள வைப்பது. மண்வெட்டி வேலையைவிட அது கடினம், பலன் நீடிப்பதும் அதில்தான்.

வயலுக்குள்ளும் தண்ணீரைக் குறைக்கலாம். ஒற்றை நாற்று நடவில் 14 நாள் வயதான இளநாற்றை இடைவெளி விட்டு நட்டு, தண்ணீரைக் கட்டி நிறுத்தாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சி, விடுகிறோம். தண்ணீர் மிச்சம். எப்போதும் நீர் தேங்கிய வயலிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயுவும் குறையும். தணிப்பும் தகவமைப்பும் ஒரே வரப்பில் சேரும் இடம் இது. ராமநாதபுரம் பக்கம் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் நெல்லைத் தூவிவிட்டுக் காத்திருக்கும் புழுதி விதைப்பு பழைய பழக்கம். மேட்டூர் ஜூன் 12-இல் திறக்குமா என்ற நிச்சயம் இல்லாத ஆண்டுகளில் டெல்டாவிலும் நேரடி விதைப்பு பரவுவதைப் பார்க்கிறோம்.

தண்ணீர் இல்லாதபோது எல்லோரும் முதலில் செய்வது ஆழ்துளைக் கிணறு. 300 அடி, 600 அடி, ஆயிரம் அடி. அன்றைக்கு அது காப்பாற்றும். பத்து ஆண்டில் பக்கத்துக் கிணறுகள் வற்றும், கடலோரமாக இருந்தால் உப்பு ஏறும், கடன் மட்டும் அப்படியே நிற்கும். தகவமைப்பு என்ற பெயரில் பிரச்சினையை நாளைக்கோ பக்கத்து வீட்டுக்கோ தள்ளிவிடுவதைத் தவறான தகவமைப்பு என்பார்கள். இது வயலில் மட்டும் நடப்பதில்லை. கடலிலும் பார்ப்போம்.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் வந்தது. சம்பா போன்ற ராபி பருவ நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் மட்டும் விவசாயி கட்டினால் போதும். மிச்சத்தை அரசுகள் கட்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் இழப்பு பெரும்பாலும் கிராம அளவில் கணக்கிடப்படுகிறது; உங்கள் வயல் மட்டும் பள்ளத்தில் மூழ்கி, ஊரின் சராசரி தப்பித்துவிட்டால் நிலைமை சிக்கல். பதிவு செய்ய அடங்கல் வேண்டும், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்று அது. வாய்வழிக் குத்தகைக்கு உழுபவருக்கு நிலத்துக்காரர் கையெழுத்துக் கிடைப்பது பெரும்பாடு. மழையில் நனைந்தது அவர் நெல். பேப்பரில் இருப்பது இன்னொருவர் பெயர். இந்தப் பேப்பர் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், காட்டுக்குப் போகும்போது மறுபடி வரும்.

கடலில்

நிலம் அசையாது. மீன் அசையும். கடல் சூடானால் அது தனக்குப் பிடித்த குளிர்ச்சியைத் தேடிப் போய்விடும். ஒரு காலத்தில் கேரளக் கரைக்கே உரியது என்று கருதப்பட்ட நெய்மத்தி கடந்த சில பத்தாண்டுகளில் கிழக்குக் கரையிலும் நிறையக் கிடைக்கத் தொடங்கியதை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள். சென்னைக் கடலில் சங்கரா மீன் சினை வைக்கும் காலம் வெயில் மாதங்களிலிருந்து அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர்ந்த மாதங்களை நோக்கி நகர்ந்ததையும் அவர்கள் கண்டார்கள். சினை இருக்கிறதா இல்லையா என்பது மீன் வெட்டிக் கொடுக்கும் அக்காவின் கைக்கு முதலில் தெரியும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் தன் பட்டத்தை மாற்றிக்கொண்டே போனால், தடைக்காலத் தேதியையும் ஒவ்வொரு மீனாகப் பார்த்து மறுபடி யோசிக்க வேண்டிவரும்.

கடலில் தகவமைப்பு என்றால் முதலில் உயிர். 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியது. தூத்தூர் பகுதி மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிப்பவர்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் ஏற்கெனவே வெகுதூரத்தில் இருந்தார்கள். கைப்பேசிக் கோபுரத்தின் எல்லை கரையிலிருந்து சில மைல்தான். படகில் இருக்கும் கம்பியில்லாக் கருவியின் எல்லையும் கொஞ்சம்தான். சேதி இருந்தது, சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை. பல குடும்பங்களில் அப்பா, மகன் என்று ஒரே நேரத்தில் போனார்கள். அதற்குப் பிறகு 2019-இல் ஜெமினி என்ற சிறு கருவி வந்தது. செயற்கைக்கோளிலிருந்து எச்சரிக்கையை வாங்கிப் படகில் இருப்பவரின் கைப்பேசிக்குக் கொடுக்கும். ஆனால் அது சேதியை வாங்க மட்டும்தான் செய்யும். "நாங்கள் இங்கே தவிக்கிறோம்" என்று திருப்பிச் சொல்ல முடியாது. இரு பக்கமும் சேதி அனுப்பும் இஸ்ரோ கருவிகள் விசைப்படகுகளில் பொருத்தப்படுவது அடுத்த கட்டம். சிறிய ஃபைபர் படகுக்காரருக்கும் அது கிடைக்க வேண்டும்.

சேதியைக் கொண்டு சேர்ப்பதில் இதைவிட எளிய ஒரு வழியைப் புதுச்சேரி கடலோரக் கிராமங்கள் 1990-களின் இறுதியிலேயே காட்டின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிராம அறிவு மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் எவ்வளவு இருக்கும் என்ற தகவலை இணையத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் படித்தார்கள். கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவர் காதில் அது விழும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம், கைப்பேசி வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தில், சிங்கப்பூரில் வேலை செய்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன சுனாமிச் செய்தியை இதே ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரைக் காலி செய்தார்கள். சுனாமிக்கும் காலநிலைக்கும் தொடர்பில்லை. ஆனால் அந்த ஒலிபெருக்கி அலை உயரத்துக்காகத் தினமும் பேசிப் பழகியிருந்ததால்தான் அன்றைக்கு ஊர் அதன் குரலை நம்பியது.

இன்னொன்று. கடலுக்குப் போகாதே என்று சொல்வது எளிது. போகாத நாளில் அடுப்பு எரிவது யார் காசில்? தமிழ்நாட்டில் தடைக்காலத்துக்கும் மீன்வரத்து குறைந்த மாதங்களுக்கும் நிவாரணத் தொகை இருக்கிறது. எச்சரிக்கை விடுத்த நாள்களையும் எண்ணி அதில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. எச்சரிக்கையைக் கேட்டு வீட்டில் இருந்தவர் பட்டினி கிடந்தால், அடுத்த முறை அவர் வானத்தைப் பார்த்துத் தானே முடிவெடுத்துப் படகைத் தள்ளிவிடுவார். உதவி படகைச் சுற்றியே நின்றுவிடுவதும் ஒரு குறை. கருவாடு காய வைக்கும் பெண்களுக்குப் பருவம் தவறிய ஒரு மழை போதும், மணலில் பரப்பிய முதல் முழுவதும் போய்விடும். தரையிலிருந்து உயர்த்திய பரண், மேலே ஒரு கூரை, சூரிய உலர்த்தி இவை பெரிய செலவில்லை.

இப்போது கரை. கடல் அரித்துக்கொண்டு வந்தால் ஊர் கேட்பது தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு. கேட்பதில் நியாயம் இருக்கிறது, வீட்டு வாசலில் அலை நிற்கிறது. ஆனால் நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே ஓடிக்கொண்டே இருக்கிறது. நடுவில் கல்லைக் கொட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் பசியோடு கிடக்கும். 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டிய அலைத்தடுப்புக்குப் பிறகு நகரத்தின் கடற்கரையே காணாமல் போனது. வடக்கே இருந்த மீனவக் கிராமங்கள் வரிசையாக அரிப்பைச் சந்தித்தன. ஓர் ஊரின் தடுப்பு அடுத்த ஊரின் அரிப்பாக மாறியது. ஆழ்துளைக் கிணற்றில் பார்த்த அதே கதை.

கல்லுக்கு மாற்று சில இடங்களில் மரம். அலையாத்திக் காடு என்ற பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது, அலையை ஆற்றும் காடு. பிச்சாவரத்தில் இந்தக் காடு அழிந்துகொண்டிருந்தது. முன்காலத்தில் மொத்தமாக வெட்டியதில் தரை தாழ்ந்து, உள்ளே வந்த கடல்நீர் வெளியேறாமல் தேங்கிக் காய்ந்து, உப்பு ஏறிச் செடி முளைக்காமல் கிடந்தது. வனத்துறையும் சுவாமிநாதன் நிறுவனமும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய கால்வாய், இரு பக்கமும் சாய்வாகச் சிறு கால்வாய்கள். ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வந்து, இறக்கத்தில் உப்பைக் கழுவிக்கொண்டு வெளியேறியது. காடு திரும்பியது. அந்த வேர்களுக்குள்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன. அங்கே கையால் தடவி இறால் பிடித்து வாழும் இருளர் குடும்பங்களுக்குச் சோறு அதுதான். தண்ணீர் ஏன் தேங்குகிறது என்று பார்க்காமல் கன்றை மட்டும் நட்டிருந்தால் ஒன்றும் பிழைத்திருக்காது.

காட்டில்

காட்டை நம்பி வாழ்பவர்களின் காலண்டர் பூவிலும் காயிலும் இருக்கிறது. நீலகிரியில் குறும்பர்கள் செங்குத்துப் பாறையில் கொடியால் செய்த ஏணியில் இறங்கி மலைத்தேன் எடுப்பார்கள். மழை தள்ளிப்போனால் பூ தள்ளிப்போகும்; பூக்கிற நேரத்தில் மழை கொட்டினால் தேனீக்கு ஒன்றும் மிஞ்சாது. கோத்தகிரியிலிருந்து இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை 1990-களிலிருந்து இந்தத் தேன் எடுப்பவர்களோடு வேலை செய்கிறது. கூட்டை முழுவதுமாக அழிக்காமல் எடுப்பது, தேனை நல்ல விலைக்கு விற்பது, தேனோடு மற்ற காட்டுப் பொருள்களுக்கும் சந்தை தேடுவது என்று. ஒரு பொருள் பொய்த்த ஆண்டில் இன்னொன்று கைகொடுக்கும்.

காட்டின் இன்னொரு துன்பம் லாந்தனா என்ற உண்ணிச்செடி. ஆங்கிலேயர் அழகுக்காகக் கொண்டுவந்த செடி. இன்று முதுமலை, கூடலூர், சத்தியமங்கலம் பக்கமெல்லாம் காட்டின் அடித்தளத்தையே மூடிவிட்டது. புல் இல்லை, கிழங்கு தோண்ட இடமில்லை, கோடையில் காய்ந்து தீப்பிடிக்க மட்டும் தயாராக நிற்கிறது. வெப்பம் கூடும் காலத்தில் அந்தத் தீ இன்னும் மூர்க்கமாகும். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர்கள், முன்பு கோடையின் தொடக்கத்தில் தாங்கள் வைத்த சிறு தரைத்தீ தடை செய்யப்பட்ட பிறகுதான் இந்தச் செடி இப்படிப் பெருகியது என்கிறார்கள். ஆய்வாளர்கள் அதை இப்போது கவனித்துக் கேட்கிறார்கள். கூடலூர் பக்கம் பெட்டக்குறும்பர், பணியர் உள்ளிட்ட பழங்குடிக் கலைஞர்கள் இந்தச் செடியின் தண்டை வேகவைத்து வளைத்து நிஜ அளவில் யானைகள் செய்கிறார்கள். அவை வெளிநாடுகள் வரை போயிருக்கின்றன.

இங்கே அந்தப் பேப்பர் மறுபடி வருகிறது. 2006-இல் வந்த வன உரிமைச் சட்டம், தலைமுறையாகக் காட்டில் உழுபவருக்கு நிலத்தின் மேல் உரிமையும், ஊருக்குத் தேன், கிழங்கு, கடுக்காய் போன்றவற்றை எடுக்கவும் காட்டைப் பாதுகாக்கவும் கூட்டு உரிமையும் தருகிறது. பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்களுக்கு 2011-இல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே அது கிடைத்தது. உரிமைப் பத்திரம் இல்லாதவருக்கு வங்கிக் கடன் இல்லை, யானை மிதித்த பயிருக்கு நிவாரணம் கேட்க வழியில்லை. நாளைக்கு வெளியேறச் சொல்வார்களோ என்ற பயத்தில் இருப்பவர், பத்தாண்டு கழித்துப் பலன் தரும் மரத்தை நட மாட்டார். ஆகவே காட்டுவாசி ஒருவரின் காலநிலைத் தகவமைப்பு, மரக்கன்றுக்கு முன்னால் அந்தப் பத்திரத்தில் தொடங்குகிறது.

கடைசியாகக் கொல்லிமலை. நாமக்கல் பக்கத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் மேலே மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்று அவர்கள் பயிரிட்டவை மழை குறைந்தாலும் ஏதாவது கொடுத்துவிடும் தானியங்கள். 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. கொண்டாடுவதற்கு வெகு முன்பே அங்கே அந்த வயல்கள் சுருங்கிக்கொண்டிருந்தன. சவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளி கையில் காசு தந்தது. அதோடு ரேஷன் அரிசியும் வந்தது. விதையைக் காப்பாற்றுங்கள் என்று சொல்ல வந்தவர்கள் பெண்களோடு உட்கார்ந்து பேசியபோது வேறொன்று தெரிந்தது. சாமையின் உமி கல் மாதிரி. உரலில் போட்டு உலக்கையால் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி ஆக்குவதற்குள் தோள் இற்றுவிடும். வயலில் வேலை முடித்து வந்து யார் அதைச் செய்வது? சுவாமிநாதன் நிறுவனம் அங்கே சில ஊர்களில் உமி நீக்கும் சிறு இயந்திரத்தையும் மாவு மில்லையும் வைத்து, அவற்றை நடத்தும் பொறுப்பை ஊர்க் குழுக்களிடம் கொடுத்தது. கிழக்கு வெளுப்பதற்கு முன் எழுந்து உலக்கை பிடிக்க வேண்டிய வேலை, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போய்வரும் வேலையாகச் சுருங்கியது. சாமைச் சோறு மறுபடி அடுப்பேற வழி கிடைத்தது.